மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்தோம்

என் மகளுக்குக் காசநோய் என்று டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என் கையிலிருந்த எக்ஸ்ரே கவரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எத்தன நாள் டாக்டர் வேலைக்குப் போகக் கூடாது?" என்று கேட்டாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற ஒரு சிறிய கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் உடம்பு சுட்டது. தகரக் கூரைக்குக் கீழே, உருகிய பிளாஸ்டிக் வாடையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இருமாமல் என்ன செய்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு பாட்டில் இருமல் டானிக் வாங்கிக் கொடுத்திருந்தேன். சுடிதார் தோளில் நிற்காமல் சரிவதைக் கவனித்தவள் என் மனைவி. மறுநாளே கிளம்பினோம். தெரிந்த தனியார் டாக்டர், தெரிந்த லேப். காலையில் கொடுத்த சளிக்குச் சாயங்காலமே முடிவு வந்துவிட்டது. அந்த வேகத்தை அன்று நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

வழக்கமான மருந்துகளுக்கே கட்டுப்படும் வகை என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை, காலையில், வெறும் வயிற்றில், ஒரு நாள்கூட விடாமல். ஓரிரு வாரத்தில் மற்றவர்களுக்குப் பரவுவது அநேகமாக நின்றுவிடும். நன்றாகச் சாப்பிட வேண்டும், முட்டை, மீன், வேர்க்கடலை, பருப்பு. நாட்டு மருந்து எதையும் இதோடு கலக்கக் கூடாது, ஈரல் தாங்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பக்கத்துல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

"வேல செய்யுற இடத்துல?"

"என் பக்கத்து ஸ்டூல்ல ஒரு அக்கா உக்காருறாங்க டாக்டர். எனக்கு முன்னாடியிருந்தே இருமுறாங்க. தீபாவளிக்கு முன்னாடியிருந்து."

"அவங்கள உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா."

"இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் போனை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. "யார்கிட்டயும் சொல்லாத. கம்பெனியில நிறுத்திடுவாங்க. கடலூர் வரன் பேசிக்கினு இருக்கோம், தெரியுமில்ல?" என்றேன்.

"அந்த அக்காவுக்கு ஒரு பொண்ணு இருக்குப்பா. ரெண்டாவது படிக்குது."

"ஒரு மாசம் போகட்டும். நீ மொதல்ல தேறு."

அவளுக்கு அப்போது நூற்றொன்று காய்ச்சல். வாதாடத் தெம்பில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்த ஒரு மாதம் முழுக்க என்னுடைய வேலை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுடையது. பெருமையோடு சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பதும் அந்தப் பின்பாதிதான்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். லாசுப்பேட்டையில் குவார்ட்டர்ஸ். ஒருவர் வீட்டில் தும்மினால் நாலு வீடு தள்ளி மாத்திரை சிபாரிசு செய்வார்கள். ஒரு மாதம் மெடிக்கல் லீவு போட்ட பெண்ணுக்கு ஏதாவது ஒரு நோய் வேண்டுமே. மஞ்சள்காமாலை என்று சொன்னேன். யாரும் முகம் சுளிக்காத நோய். எல்லா வீட்டுக்கும் ஒருமுறையாவது வந்துபோனது. அதன் பெயரும் பத்தியமும் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை.

மருந்து அரசு டிபி சென்டரில் இலவசம். பெயரே பதியாமல் வெளியில் எழுதித் தரச் சொல்லி டாக்டரைக் கெஞ்சிப் பார்த்தேன். "பதியாம இருக்க முடியாது சார். சட்டம்" என்று முடித்துவிட்டார். என் பள்ளித் தோழன் ஒருவன் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரன். அவன் அப்பா அந்தக் காலத்து சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தோழன் பாரிசில் இருக்கிறான். அங்கிருந்து நல்ல மருந்தாக வாங்கி அனுப்பச் சொல்லி அவனுக்குப் போன் போட்டேன். அவன் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டான். "டேய், இங்கயும் அதே நாலு மருந்துதான்டா. உன் சென்டர்ல குடுக்கிறதத்தான் இங்கயும் குடுக்கிறான். போய் வாங்கு" என்றான். மருந்து கண்டுபிடித்து எத்தனையோ வருடம் ஆகியும் உலகம் முழுக்க இன்னும் ஏழைகளைத் தின்றுகொண்டிருக்கிற நோய் இது. பாரிஸ் வரைக்கும் கை நீட்ட ஆள் இருந்த என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று அன்று யோசிக்கவில்லை.

சென்டரிலிருந்து ஒரு சுகாதாரப் பணியாளர் அம்மா போன் செய்தார். வீட்டுக்கு வருகிறேன் என்றார். வேண்டாம் என்று பதறி, விமான நிலையச் சாலையில் ஆள் இல்லாத ஓர் இடத்தைச் சொல்லி வரச்சொன்னேன். அவரும் பாவம், வெயிலில் ஸ்கூட்டரில் வந்தார். மாத்திரைப் பையை நீட்டிக்கொண்டே சிரித்தார்.

"சாராயக் கடைக்கு வர்றவங்ககூட இவ்ளோ ஒளிய மாட்டாங்க சார். துண்டு ஒண்ணுதான் பாக்கி. அதையும் தலையில போட்டுக்கங்க."

பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது வாரத்தில் என் மனைவியின் அக்கா வந்து இறங்கினார். வீராம்பட்டினத்தில் மீன் விற்கிறவர். கையில் ஒரு பை நிறையக் கீழாநெல்லி. நுழைந்ததும் மகளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, மஞ்சளே காணோம்?"

"எறங்கிக்கினு வருது அண்ணி" என்றேன் நான்.

"மூத்திரம் எப்டிடி போவுது?"

"ஆரஞ்சு கலர்ல போவுது பெரிம்மா" என்றாள் மகள். அது பொய்யில்லை. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும்.

"பாத்தியா தம்பி! முத்திப்போய்க் கெடக்குது. நல்லவேள நான் வந்தேன்."

அவ்வளவுதான். அடுப்படி அவர் கைக்குப் போனது. உப்பில்லை, எண்ணெயில்லை, முட்டையில்லை. மீன் வாசனையே வீட்டுக்குள் வரக் கூடாது என்றார், நாள் முழுக்க மீனோடு இருக்கிறவர். மோர் விட்ட கஞ்சி மட்டும். காலையில் கீழாநெல்லியை அரைத்து ஒரு டம்ளர். முதல் இரண்டு நாள் மகள் அதை வாஷ்பேசினில் ஊற்றினாள். என் மனைவி கழிவறையில் வைத்து அவளுக்கு அவித்த முட்டை கொடுத்தாள். எங்கள் வீட்டில் முட்டை தின்ன என் பெண் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, டிபியில நான் சாக மாட்டேன். உங்க மஞ்சக்காமாலையிலதான் சாவப்போறேன்" என்று என் காதில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் அண்ணி டம்ளரோடு எதிரிலேயே நின்றார். "முழுங்கு. நான் பாக்கணும்." மகள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். அவள் குடித்தாள். கால் மணி நேரத்தில் கீழாநெல்லியோடு காலை மாத்திரையும் வெளியே வந்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே பேசினாள்.

"பெரிம்மா, எனக்கு மஞ்சக்காமால இல்ல. டிபி. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு அப்பாதான் மாத்திச் சொன்னாரு. இந்தத் தழய அந்த மாத்திரையோட குடிச்சா ஈரல் போயிடும். என்னால முடியல."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். என்னிடம் திரும்பி, "தம்பி, நீ படிச்சவன்தானே?" என்றார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய கொழுந்தனார் பேச்சு அப்போதுதான் வந்தது. கேரளா பக்கம் விசைப்படகில் மாதக்கணக்கில் போய் மீன் பிடித்தவர். மாரடைப்பில் போனார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மாரடப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. இதேதான். மாத்திர இங்க இருந்துச்சு, அவன் கடல்ல இருந்தான். வந்தா ஒரு மாசம் துன்னுவான், போட்ல ஏறுனா உட்டுடுவான். போற எடத்துல குடுக்க ஆளில்ல. அப்புறம் எந்த மாத்திரையும் கேக்கல." மகளைப் பார்த்தார். "நீ உடாத. ஒரு நாளும் உடாத."

மறுநாள் விடியற்காலையில் ஊருக்குப் போனவர் பத்து மணிக்குக் கானாங்கத்தை மீனோடு திரும்பி வந்தார். எண்ணெயில் பொரித்து அவள் முன்னால் தட்டை வைத்து, "தின்னு. அந்தக் கஞ்சிக்கு வட்டியும் மொதலுமா தின்னு" என்றார். குவார்ட்டர்ஸ் முழுக்க மீன் வாசனை. மேல் வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்து, "மஞ்சக்காமாலைக்கு மீனா?" என்று கேட்டார். மகள் வாயில் மீனோடு, "டிபி ஆன்ட்டி" என்றாள். அவ்வளவு சுலபமாக இருந்தது அவளுக்கு.

மாத முடிவில் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். முதல் நாள் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்பதைச் சாயங்காலம் அவள் சொல்லித்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டப்பாவைத் திறந்ததும் எழுந்து நின்று, "எனக்கு வந்தது டிபி. மருந்து சாப்புடுறேன், இப்ப என்கிட்டயிருந்து பரவாது. இருமல் இருக்கிறவங்க டெஸ்ட் எடுத்துக்கங்க" என்றாளாம். மூன்று பெண்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போனார்கள். அந்த மூவரில் ஒருத்தி ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் இவள் கையைப் பிடித்து, தன் புருஷனும் ரொம்ப நாளாக இருமுவதாகச் சொன்னாள். முதலாளி முனகினார். டாக்டர் கொடுத்த கடிதத்தை இரண்டு தரம் படித்தார். நிறுத்தவில்லை.

பக்கத்து ஸ்டூல் பெண் மட்டும் டப்பாவை நகர்த்தவே இல்லை. "தெரியும்மா" என்றாளாம். "எனக்கும் அதான் இருக்கும்னு தெரியும். டெஸ்ட்டுக்குப் போயிப் பாத்துட்டேன், எடுக்கல. ரெண்டு தடவ." அந்த ஒரு மாதத்தில் அவள் சளியில் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது.

இதை மகள் சொன்னபோது என்னால் உட்கார முடியவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நான் பிடுங்கிய போன் என் கையிலேயே இருப்பதுபோல இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "வர்ற வியாழக்கிழம அந்த அக்காவுக்கு லீவு. நானும் ஷிஃப்ட் மாத்திக்கிறேன். நீங்களும் லீவு போடுங்க. பேப்பர் வேல உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்து, கன்னம் ஒட்டி, நாற்பது போலத் தெரிந்தாள். சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். ஆதார் அந்த விலாசத்தில். வேலையும் வாடகை அறையும் இங்கே. எங்கள் ஊரில் தெருவில் பாதி புதுச்சேரியாகவும் மீதி தமிழ்நாடாகவும் இருக்கும். நாங்கள் பழகிவிட்டோம். அவளுக்கு அதுதான் சுவராக நின்றது.

"அங்க போனா, வேல செய்யுற ஊர்ல பாத்துக்கோன்றாங்க சார்" என்று போகும் வழியில் சொன்னாள். "இங்க வந்தா, ஆதாரு எங்கயோ அங்க போன்றாங்க. நடுரோட்ல நின்னுகினு இரும வேண்டியதுதான். ரெண்டு நாள் லீவு போச்சு. நான் கான்ட்ராக்ட் ஆளு, மூணாவது நாள் போட்டா கான்ட்ராக்டர் வேற ஆளப் போட்டுடுவாரு. அதான் டானிக் வாங்கிக் குடிச்சுகினு இருந்தேன்."

என் மகளுக்கு ஒரே நாளில் தெரிந்த முடிவு. இவள் தீபாவளிக்கு முன்பிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம். சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் ஆதாரைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார். "இது இங்க வராதும்மா. ஒங்க ஊர்ல போய் வாங்கிக்கங்க."

நான் இருபத்தெட்டு வருடம் இப்படிப்பட்ட சாளரங்களுக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன். ஐயா, சுற்றறிக்கை, விதி என்று தொண்டையைச் செருமினேன். மகள் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"சார், அவங்க ஆதார்தான் அங்க இருக்கு. இருமல் இங்கதான் இருக்கு."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? ரூல்ஸ்."

"எனக்கும் டிபிதான் சார். எனக்கு உடனே எழுதுனீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு, ஒரே காத்து. எங்கள்ல யாரு யாருக்குக் குடுத்ததுன்னு எங்களுக்கே தெரியாது. கிருமி எல்லையில நின்னு ஆதார் காட்டிட்டா வந்துச்சு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் பேனாவை மூடினார். "பெரிய டாக்டர் வரட்டும்."

"வரட்டும் சார். நாங்க உக்காந்திருக்கோம்."

அவள் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணையும் உட்கார வைத்தாள். ஒன்றரை மணி நேரம். நடுவில் அந்தப் பெண் இரண்டு முறை, "உட்டுடும்மா, போயிடலாம்" என்றாள். மகள் தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் நின்ற எனக்கு, இந்தப் பெண்ணை நான்தான் வளர்த்தேனா என்று இருந்தது. என் வளர்ப்பாக இருந்திருந்தால் முதல் பதிலுக்கே எழுந்து வந்திருப்பாள்.

பெரிய டாக்டர் வந்தார். ஆதாரைப் பார்க்கக்கூட இல்லை. "எங்க இருக்காங்களோ அங்க குடுக்கணும்யா. எழுது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு அந்தப் பெண் அத்தனை மாதம் காத்திருந்தாள்.

சளி எடுக்க மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எச்சில்தான் வந்தது. மகள் அவளைக் கட்டடத்துக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப்போனாள். "மூச்ச நல்லா உள்ள இழுங்கக்கா. புடிங்க. இப்ப அடிவயித்துலருந்து. கூச்சப்படாதீங்க, இங்க யாரு கேக்கப்போறா?" வேப்பமரத்தடியில் ஒருத்தி இன்னொருத்திக்கு இருமக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டிபி என்று உறுதியானது. நல்லவேளையாக அதே வகை, அதே மாத்திரைகள். அவளுடைய சிறு மகளைப் பரிசோதித்து, நோய் வராமல் இருக்க மருந்து ஆரம்பித்தார்கள். கான்ட்ராக்டர் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டார். என் மகள் மூன்று நாள் முதலாளியின் அறைக்கு முன்னால் போய் நின்றாள். நான்காம் நாள் அவர், "ஏம்மா, நீ மூடி செக் பண்ண வந்தியா, என்னைய செக் பண்ண வந்தியா?" என்று கேட்டுவிட்டு, குணமாகி வந்ததும் இடம் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். கடலூர் வீட்டாரிடம் நானே உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் போன் வரவில்லை. மகள், "அவங்க யாருன்னு ஒரே டெஸ்ட்ல தெரிஞ்சிடுச்சு பாத்தீங்களா" என்றாள்.

எல்லாம் சீராகப் போனது என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் சென்டரில் மாத்திரை இருப்பு இல்லை. நான் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்து ஒருத்திக்கு மட்டும் வாங்கி வந்தேன். மகள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு?" என்றாள். அவள் காலை மாத்திரையைப் போடவில்லை. என் மனைவி அழுதாள், நான் சத்தம் போட்டேன். அவள் அந்தச் சுகாதாரப் பணியாளர் அம்மாவுக்கு விடாமல் போன் செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த அம்மா வேறொரு சென்டரிலிருந்து வாங்கி, நேரே அந்தப் பெண்ணின் வாடகை அறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் போனில் சொன்னார். அதன் பிறகுதான் என் மகள் தண்ணீர் எடுத்தாள். செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த எட்டு மணி நேரம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ஆனால் நாள் தப்பவில்லை, இருவருக்குமே.

இரண்டு மாதம் முடிந்ததும் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் சளி எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வாங்கப் போனவள் எனக்குப் போன் செய்தாள். ஷிஃப்டில் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் என் மகளைக் கூப்பிட முடியவில்லை.

"சார், சளியில கிருமி இல்லயாம் சார். மாத்திரைய மட்டும் உடாம முடிக்கணுமாம். உங்க பாப்பாகிட்ட சொல்லிடுங்க."

சாயங்காலம் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுத் தட்டாஞ்சாவடிக்கு வண்டியை விட்டேன். சாப்பாட்டு நேரம். பெண்கள் கேட்டுக்கு உள்ளே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன், "யாரு சார் வேணும்?" என்று எழுந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"அந்தம்மாவுக்கு டிபி கிருமி போயிடுச்சும்மா! டெஸ்ட்ல இல்ல! ரிசல்ட் வந்துடுச்சு!"

டப்பாவில் இருந்த கைகளெல்லாம் நின்றன. பக்கத்து யூனிட் ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் எழுந்து, எச்சில் கையோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, மெதுவா. ஊருக்கே கேக்குது."